உன் காசை மட்டும் ஏன் ஒரே இடத்தில் போட்டாய்?

என் உயிரான அண்ணனுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நீ இருந்தபோது சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நான் உன்னைச் சந்தேகப்பட்டேன்.

என் வீட்டுக்காரர் இறந்தபின், ஆண்டிபட்டி நிலத்தை விற்ற பணத்தை உன்னிடம்தான் தந்தேன். போடியில் எத்தனையோ பேருக்கு முதலீடு செய்து கொடுத்தவன் நீ. என் பணத்தைத் தபால் ஆபீஸ், பேங்க் டெபாசிட், கொஞ்சம் தங்கம், மீதி மியூச்சுவல் ஃபண்ட் என்று பிரித்துப் போட்டாய். அந்த வருடம் ஏலக்காய் விலை ஏறிக்கொண்டே போனது. நீயோ உன் சேமிப்பு முழுவதையும் போட்டு, மலைமேல் ஓர் ஏலத்தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தாய்.

"லாபமெல்லாம் ஒனக்கு, எனக்கு மட்டும் தபால் ஆபீஸா?" என்று கேட்டேன்.

"ஒனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ளைக. ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தாங்கணும்த்தா" என்று சிரித்தாய்.

அந்தச் சிரிப்பையும் நான் நம்பவில்லை. உனக்குத் தெரியாமல் முதலீட்டுப் பத்திரங்களை எடுத்துக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். ஓர் ஆடிட்டர் ஒவ்வொன்றாகப் பார்த்து, "நல்லாத்தான் போட்டிருக்காக" என்றார். அப்போதும் மனசு ஆறவில்லை. கமிஷனுக்காகப் பிரித்திருப்பாயோ?

அடுத்த கோடையில் மழை இல்லை. ஏலச்செடிகள் கருகின. என் ஃபண்டும் இறங்கியது. ஆனால் டெபாசிட் வட்டியில் பெரியவளுக்குக் காலேஜ் பீஸ் கட்டினேன். உனக்குத் தாங்க வேறொன்றும் இல்லை. மூன்றாம் மாதம் நெஞ்சுவலியில் போய்விட்டாய்.

போன வாரம் மதினியிடம் மதுரைக் கதையைச் சொல்லி அழுதேன்.

"அவுகளுக்குத் தெரியும் செல்வி. பத்திரத்துல ஆடிட்டரு போட்ட பென்சில் டிக்கப் பாத்துட்டாக. 'நாலு பேர்ட்ட கேக்கட்டும், நல்லதுதான்'னு சொன்னாக."

தெரிந்தும் ஏன் என்னிடம் கேட்கவில்லை? எனக்குச் சொன்னதை உனக்கே ஏன் சொல்லிக்கொள்ளவில்லை? எல்லாவற்றையும் தோட்டத்தில் போட என்ன அவசரம்? மதினிக்கும் தெரியவில்லை. எங்களிடம் எதையோ மறைத்தாய் என்றே இன்னும் தோன்றுகிறது.

உன் இன்சூரன்ஸ் பணம் மதினிக்கு வந்திருக்கிறது. அதை மோப்பம் பிடித்துத் தேனியிலிருந்து ஒருவன் வந்தான். மொத்தத்தையும் அவன் கம்பெனியில் போட்டால் இரண்டே வருடத்தில் இரட்டிப்பாம். "ஒங்க சொந்தக் காச எங்கன போட்டிருக்கீக?" என்றேன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

மதினி அந்தப் பணத்தை என்னையே பிரித்துப் போடச் சொல்கிறார். பயமாக இருக்கிறது அண்ணே. ஆனால் ஒன்று: அவர் காசை எங்கெங்கே போடுகிறேனோ, என் காசும் அங்கங்கேதான் இருக்கும். இது உனக்குத் தரும் வாக்கு.

உன்னை நம்பத் தெரியாமல் போன
உன் கூடப்பிறந்தவள்,
செல்வி