கருகின இலையை வெட்டாதேங்கோ

இஞ்சேருங்கோ,

சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அடுப்பில இருக்கு. சூடாக்கிச் சாப்பிடுங்கோ. பின்கதவுத் திறப்பு ஆணியில தொங்குது.

இண்டைக்கு இரவு உறைபனியாம். டண்டினொங்கில இன்னும் ரெண்டு மாசம் குளிர் கிடக்கு. போன கிழமை நீங்கள் வாழையில கருகின இலையெல்லாம் வெட்டித் துப்பரவாக்கினீங்கள். ஊரில அப்பிடித்தான், ஓம். இஞ்ச அந்தக் கருகல்தான் குருத்தைக் குளிரில இருந்து காக்கும். தெரியாமல் செய்ததுக்கு நான் அவ்வளவு கத்தியிருக்கக் கூடாது. நீங்களும் "வாழையில உள்ள அக்கறை என்னில இல்லை" எண்டு சொல்லிப்போட்டு, தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹோலுக்குப் போயிருக்கக் கூடாது.

மத்தியானம் ராஜரத்தினம் அங்கிள் வருவார். நாளைக்கு அவற்ர மனுசியின்ர திவசம், படைக்க இலை வேணுமாம். கிழியாத பச்சை இலை ஒண்டுதான் மிச்சம். அதை வெட்டிக் குடுங்கோ. தனிய இருக்கிற மனுசனுக்கு இல்லை எண்டு சொல்ல எனக்கு மனம் வராது. பிறகு வாழைக்குப் போர்வையைத் திரும்ப இறுக்கிக் கட்டிவிடுங்கோ.

பி.கு. வாழையைச் சுத்தியிருக்கிற போர்வை, கட்டிலில உங்கட பக்கம் கிடந்தது. ஆளில்லாமல் சும்மாதானே கிடந்தது. என்ர போர்வை பெரிசு, ரெண்டு பேருக்கும் காணும்.

இன்னொண்டு. வெளிக்கிடேக்க ஹோலுக்கு வந்து பார்த்தனான். தலையை மூடிக்கொண்டு நல்ல நித்திரை. "இஞ்சேருங்கோ" எண்டு உங்களை வாயால கூப்பிட்டு ஒன்பது நாளாகுது. அதுதான் மேல எழுதிப் பார்த்தனான்.