அப்பாவைப் பின்னால் நிறுத்த மாட்டேன்

12.4.96, வெள்ளி

உலக வரலாற்றில் முதன்முறையாக இன்று ஒரு கம்ப்யூட்டர் மனிதனிடம் தோற்றது. மனிதன் நான்தான். அக்கா மகள் கோமதி, ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தாங்களே பெயர் பதியும் திரையைக் கல்லூரி ப்ராஜெக்டாகச் செய்திருக்கிறாள். கம்ப்யூட்டரைத் தொட்டே அறியாத ஆளை வைத்துச் சோதிக்க வேண்டுமாம். பாபநாசம் முதல் பாளையங்கோட்டை வரை என்னளவு தகுதி வேறு யாருக்கும் இல்லை.

அவள் கல்லூரியில் கம்ப்யூட்டர் முன் நாற்காலியில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் பெயரை அடித்தேன். அடுத்த கட்டம் கடைசிப் பெயர் கேட்டது. என்னிடம் அப்படி ஒன்று இல்லை. காலியாக விட்டால் திரை நகரவில்லை.

மார்க் போட வந்த பேராசிரியர், "அப்பா பேரைப் போடும் வே. எல்லாரும் அப்படித்தான் போடுதாங்க," என்றார்.

"எங்கப்பா இனிஷியலா எனக்கு முன்னால போறவரு. பின்னால நிறுத்த மாட்டேன்."

"மாமா, மார்க் போயிரும்," என்று கோமதி கிசுகிசுத்தாள்.

"ஏட்டி, காய்ச்சலோட வாரவனும் இங்கனதான நிப்பான்?"

அவள் ஒரு நிமிடம் திரையையே பார்த்தாள். பிறகு பேராசிரியர் கண்ணெதிரே அந்தக் கட்டத்தை அழித்து, பெயருக்கு முன்னால் இனிஷியலுக்கு ஒரு கட்டம் வைத்தாள். அவர் பேனாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

ராத்திரி கோமதி சரியாகச் சாப்பிடவில்லை. திங்கட்கிழமை மார்க் தெரியும். குறைத்தால் பேராசிரியர் எதிரே அதே நாற்காலியில் போய் உட்கார்ந்து மறுபடியும் பெயரை அடிப்பேன், அப்பாவை முன்னால் விட்டுக்கொண்டு.