தோளுக்கு ஒரு பலகை

திங்கள். காலை ஷிப்ட். தூறல்.

இருங்காட்டுக்கோட்டை ரூமில் தண்ணி வரவில்லை. முகம் மட்டும் கழுவிக்கொண்டு கம்பெனி பஸ்.

ஷிப்டுக்கு முன்னால் பாட்டுப் போட்டு உடற்பயிற்சி. எல்லாரும் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். என் வலது கை காது உயரத்தோடு நின்றுவிடுகிறது. இடுப்பை இடப்பக்கம் சாய்த்தால் கை உயர்ந்த மாதிரி தெரியும். ரொம்ப நாளாக இந்தப் பித்தலாட்டம். தெரிந்தால் லைன் லீடர் தாமு சார் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கான்ட்ராக்ட் ஆள்தானே நான். இப்போது இடுப்பும் வலி.

புதன். லீவு. நல்ல வெயில்.

ஆஸ்பத்திரியில் பிசியோ மேடத்தைப் பார்த்தேன். முதுகில் கை வைத்துக் காட்டினார்.

"தோள் மட்டும் தனியா கையத் தூக்காதும்மா. இந்தத் தட்டெலும்பு சுத்தணும், தசை இழுக்கணும், தசைய எலும்போட பிடிச்சிருக்கிற நாண் தாங்கணும். உனக்கு அந்த நாண் வீங்கிக் கெடக்கு. அதுக்கும் சேர்த்து இடுப்பு ஓவர்டைம் பாக்குது."

சிரித்தேன். அப்புறம் ஆத்திரம். நாள் முழுக்கத் தலைக்கு மேல் திருகாணி முடுக்கும் ஸ்க்ரூ கன் பிடித்தால் இப்படித்தானாம். பலகை போட்டு ஏறி நின்று, வேலை நெஞ்சுக்கு நேராக வந்தால் தேறுமாம். இல்லையென்றால் நாண் கிழியுமாம்.

வாங்கியது: ஐஸ் பை, சீப்பு, வாழைப்பழம்.

வியாழன்.

பலகை கேட்டேன். தாமு சார்: "நீ குள்ளமா கீறன்னா அதுக்கு கம்பெனி இன்னாம்மா பண்ணும்? முடியலன்னா சொல்லு. வெளிய ஆளு நின்னுகினு கீது."

ரூமில் செல்வி. என் லைன்தான், எங்க ஊர்ப்பக்கம்தான். "ஏட்டி இசக்கி, வாய வச்சிக்கிட்டு சும்மா இரு."

இருக்க மாட்டேன். இது என் தோள். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போக, கம்பெனி டூலா இது?

வெள்ளி. மழை.

லைன் ஓரம் முழுக்க ஒரு மஞ்சள் கயிறு உண்டு. பாகத்தில் குறை கண்டால் யாரும் இழுக்கலாம், லைன் நின்றுவிடும். இன்று இழுத்தேன். மணி அடித்தது. தாமு சார் ஓடி வந்தார்.

"இன்னா டிபெக்ட்டு? எங்க?"

"என் தோள்ல சார். பலகை போடுங்க, லைன் ஓடட்டும்."

"திமிரா?"

"ஆமா சார்."

மேனேஜருக்கு போன் போட்டார். நான் கயிற்றை விடவில்லை.

செல்வி தன் இடத்தை விட்டு வந்தாள். சரக்கு அடுக்கும் காலி மரப் பேலட் இரண்டை இழுத்து வந்து, என் காலடியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டாள்.

"ஏறுட்டி."

கயிற்றை விட்டுவிட்டு ஏறினேன். வேலை நெஞ்சுக்கு நேராக. தாமு சாரின் வழுக்கை என் கண்ணுக்குக் கீழே.