என்னைக் கேட்காத பொருத்தனை

ஜவ்வாது மலை,
புதன்கிழமை

அன்புள்ள ஆனந்திக்கு,

அழைத்தது கடவுள்தான் என்று ஒருவர் எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குப் பதில் தெரியவில்லை, தெரிந்ததுபோல் எழுதவும் மாட்டேன். நானும் அப்பாவும் நோய்நொடி இல்லாமல் நடமாடுகிறோம், ஜார்க்கண்ட் குளிர் உன் நெஞ்சுச் சளியைக் கிளப்பாமல் இருந்தால் போதும். இங்கே சாமை அறுத்தாகிவிட்டது, நான் அரையாண்டுத் தேர்வுக்கு வினாத்தாள் எழுதிக்கொண்டிருக்கிறேன், மழையில் மண் சரிந்து இரண்டு நாள் பஸ் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலில் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து காணிக்கைப் பொருள்களை ஏலம் விட்டபோது, நான் கொண்டுபோன பூசணிக்காயைக் கோயில் பெருக்கும் பச்சையம்மா தூக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னா டீச்சரம்மா, பொண்ணையே காணிக்கையா குட்த்துட்டு இந்தப் பூசணிக்காய் வேற எதுக்கு என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நீ ஜார்க்கண்டுக்கு மிஷனரி ஊழியத்துக்குப் போனதைச் சொல்கிறாள் என்று நானும் சிரித்தேன். அவள் விடவில்லை. ரெண்டு வயசுல காய்ச்சல்ல கண்ணு சொருகிக்கிச்சே, உங்க வூட்டு சாரு, பாதிரியார் முன்னால முட்டி போட்டு, பொழச்சா ஊழியத்துக்கே குட்த்துடறேன்னு பொருத்தனை பண்ணாரே, நான்தான் பக்கத்துல வெளக்கு புடிச்சேன் என்றாள். அப்போது நான் எம்.பில். வாய்மொழித் தேர்வுக்காகச் சென்னையில் இருந்தேன். திரும்பி வந்தபோது காய்ச்சல் விட்டுவிட்டது என்று மட்டும்தான் சொன்னார்கள். கோயில் பெருக்குகிறவளுக்குத் தெரிந்தது எனக்கு இருபத்து மூன்று வருடம் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டேன். சொன்னா நீ ஒத்துக்க மாட்டே, நூறு கேள்வி கேப்பே என்றார். கேட்டிருப்பேன்தான். நீ பன்னிரண்டாம் வகுப்பு முடித்த லீவிலேயே உன்னிடம் சொல்லிவிட்டாராம், அம்மாவுக்குச் சொல்லவேணாம்பா என்று நீதான் சொன்னாயாம். போன வருடம் நர்ஸ் வேலையை விட்டுவிட்டு என் எதிரில் உட்கார்ந்து, ஆண்டவர் என்னைத் தனியாக அழைத்தார் அம்மா என்றாயே, அதில் அப்பாவின் பொருத்தனை எங்கே இருந்தது? கடவுள் விஷயத்தில் எனக்கு எப்போதும் சந்தேகம் உண்டு. உன் விஷயத்தில் இருந்ததே இல்லை.

அடுத்த மாதம் ஆயுள் முழுவதையும் ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்றாய். போகாதே என்று சொல்ல மாட்டேன். ஆனால் அப்பா பயத்தில் கொடுத்த வாக்கு அவருடையது, அதை நிறைவேற்ற வேண்டியவள் நீ இல்லை. அது நடக்கவே இல்லை என்று வைத்துக்கொண்டு, யாரிடமும் பேசாமல் ஒரு நாள் தனியாக உட்கார்ந்து யோசி. அப்போதும் அழைப்பு உனக்குக் கேட்டால் போ, அதை என்னிடம் நேராகச் சொல்லிவிட்டுப் போ.

வெந்நீர் குடி, தலையைத் துவட்டாமல் வெளியே போகாதே. கர்த்தர் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும் அம்மா,
அருணா

வியாழன் காலை.

அப்பாவுக்குத் தெரியாமல் அனுப்பினால் நானும் அவரைப்போலவே செய்ததாகும் என்று இதைப் படிக்கக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தார். அவ போன வாரமே கையெழுத்து போட்டுட்டா, பெத்தவங்க கையெழுத்துக்குத் தாள் வந்துச்சு, நானும் போட்டு அனுப்பிட்டேன் என்றார். அதில் அம்மாவுக்கு இடம் இல்லையா என்று கேட்டேன். இருந்துச்சு, அத அப்டியே காலியா வுட்டுட்டோம் என்றார்.