முதலில் பேசுவது யார்?

பிரான்ஸ்
8 ஏப்ரல் 2025

நாகல் நகர் வீட்டுச் சமையலறைச் சுவருக்கு,

நான் நலம். நீயும் காரை உதிராமல் நலமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

இவள் என்ன, சுவருக்கெல்லாம் கடுதாசி போடுகிறாள் என்று இதைப் பிரித்துப் படிக்கும் மனிதர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். மூன்று வருஷமாக "சோறு ஆறுது", "மழை வருது, துணிய எடுக்கணும்" என்று உன்னைப் பார்த்துத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்? என் வீட்டுக்காரரும் உன்னிடம்தானே "காப்பியில சீனி பத்தல" என்கிறார்? வத்தலக்குண்டு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது செம்பட்டியில் வடை வாங்க இறங்கியவர் அவர். அவரை விட்டுவிட்டு பஸ் கிளம்பியது தெரியாமல் தூங்கியவள் நான். அவர் லாரி பிடித்து வீடு வந்து சேர்ந்தபோது தெருவே கேட்க நான் விழுந்து விழுந்து சிரித்தது நிஜம். அதற்காக "இனி உங்கூடப் பேச மாட்டேன்" என்று ஒரு மனிதர் சபதம் போடுவதா? போட்டார். நானும் லேசுப்பட்டவளா? "நீங்களா பேசாம நானும் பேச மாட்டேன்" என்றேன்.

இப்போது பிள்ளை ஆல்வின் வேலை பார்க்கும் ஊருக்கு வந்திருக்கிறேன். அவன் இரண்டு பேருக்கும்தான் விசா எடுத்தான். "பேசாத பொம்பள பக்கத்துல அம்புட்டு நேரம் பிளேன்ல எப்படி உக்கார்றது" என்று உன்னிடம் சொல்லிவிட்டு அவர் நின்றுகொண்டார். போன் போட்டால் பேசியதாகிவிடும். எழுதக் கூடாது என்று சபதத்தில் இல்லை, அதனால் எழுதுகிறேன். நீ அவரிடம் சொல்.

இது ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். ஆறு ஊரைத் தாண்டியதும் எத்தனையோ வாய்க்காலாகப் பிரிந்து சதுப்புக்குள் போய்விடுகிறது. தெரு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர், வாசல்படி இறங்கினால் படகு. அந்த வாய்க்கால்களைப் பராமரிக்கும் அலுவலகத்தில்தான் ஆல்வினுக்கு வேலை. மாட்டைக்கூடப் படகில் ஏற்றி மேய்ச்சலுக்குக் கொண்டுபோகிறார்கள், கேட்டாயா? அது டவுன் பஸ்ஸில் சீட்டுக் கிடைக்காத ஆள் மாதிரி பேசாமல் நின்றுகொண்டு போகிறது.

வந்த மறுநாள் விடியற்காலை குழாயைத் திறந்தேன். தண்ணீர் கொட்டியது. விடுவேனா? சட்டி, வாளி, டம்ளர், காப்பிக் கெட்டில் வரைக்கும் பிடித்து வைத்துவிட்டேன். ஆல்வின் எழுந்து வந்து, "ஏம்மா, வீட்டச் சுத்தித் தண்ணியாக் கெடக்கு, உள்ளயும் ரொப்பி வச்சிருக்க?" என்றான். "நாளைக்கு வரலைன்னா?" என்றேன். அவன் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

நீ நல்ல சுவர்தான். ஆனாலும் உன்னோடு பேசிப் பேசி எனக்கு அலுத்துப்போய்விட்டது. ஜூலை மூன்றாம் தேதி திரும்புகிறேன். அதற்குள் அவர் இங்கே வந்து என் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசட்டும். வேறொன்றும் எனக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
உனக்கு எதிரில் அடுப்பு வைத்திருப்பவள்


திண்டுக்கல்
23 ஏப்ரல் 2025

அம்மா அன்புக்கரசிக்குச் சமையலறைச் சுவர் எழுதிக்கொள்வது.

வீட்டுக்காரர் சூசைராஜ் நலம். அவர் இதை எழுதச் சொல்லவில்லை. அவர் மோட்டார் கடைக்குப் போன நேரம் பார்த்து நானே எழுதுகிறேன். கையெழுத்து அவருடையது மாதிரி இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

உங்கள் கடுதாசியைப் படித்ததும் அவருக்குக் கோபம் வந்தது. டம்ளரில் தண்ணீர் பிடித்த இடத்தில் சிரித்துவிட்டார். பிறகு யாராவது பார்த்துவிட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தார். நான்தான் பார்த்தேன்.

ஈஸ்டர் பூசைக்குத் தனியாகப் போய்வந்தார். பக்கத்து வீட்டு அஜீஸுன்னிசா அனுப்பிய கறிக்குழம்பில் அன்றைய பொழுது போனது. மறுநாள் ரசம் வைக்கிறேன் பேர்வழி என்று ஒன்று வைத்தார். பூனை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. இங்கே குழாயில் தண்ணீர் வந்து பத்து நாளாகிறது. ஆயிரம் அடிக்குத் துளை போட்டு மோட்டார் இறக்குகிற மனிதரிடம் போய், அங்கே தண்ணீர் சும்மா மேலேயே கிடக்கிறது என்று எழுதினால் வயிறு எரியாதா?

வடை சங்கதிக்கு வருகிறேன். தெருவே ஒரு வருஷம் "அண்ணே, வடை வாங்கிட்டீகளா?" என்று அவரைக் கேட்டது. சிரிப்பை ஆரம்பித்து வைத்தது நீங்கள். ஆகவே முதலில் பேச வேண்டியதும் நீங்கள்தான் என்பது அவர் கட்சி. நான் சுவர், எனக்குக் கட்சி கிடையாது.

வீடு சத்தமில்லாமல் கிடக்கிறது. எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

இப்படிக்கு,
சுவர்


பிரான்ஸ்
8 மே 2025

ஏங்க,

சுவருக்கு ரசம் வைக்க வராததில் ஆச்சரியமில்லை. புளியைக் கொஞ்சமாகக் கரையுங்கள். இனி நான் உங்களுக்கு நேராகவே எழுதுகிறேன், ஏனென்றால் இங்கே ஒன்று நடந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆல்வின் என்னைப் படகில் சதுப்புக்குள் அழைத்துப்போனான். அடிப்பாகம் தட்டையான படகு. படகுக்காரர் நீளமான கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டே போனார். தண்ணீர் முழுக்கப் பச்சைப் பாசி, இறங்கி நடந்துவிடலாம் போல இருந்தது. இரண்டு கரை மரங்களும் தலைக்குமேல் சேர்ந்து நிழல் போட்டிருந்தன. திண்டுக்கல் வெயிலில் வெந்த உடம்புக்கு அது எவ்வளவு சுகம் தெரியுமா?

நடு வாய்க்காலில் அவர் படகை நிறுத்திக் கழியால் அடிச்சேற்றைக் கிளறினார். குமிழ் குமிழாகக் கிளம்பி வந்தது. லைட்டரைப் பற்றவைத்துக் கிட்டே கொண்டுபோனார். குப்பென்று தண்ணீர்மேல் தீ! சேற்றில் இலைதழை மட்கி வருகிற வாயுவாம், ஆல்வின் பிறகு சொன்னான். அந்த நேரத்தில் எனக்கு என்ன தெரியும்? தண்ணீர் எரிகிறது! சட்டென்று பக்கத்தில் திரும்பி, "ஏங்க, இங்க பாருங்களேன்!" என்று கத்திவிட்டேன்.

பக்கத்தில் யாருமில்லை. படகுக்காரர் தன்னைத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்துச் சந்தோஷமாக என்னவோ சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் அழுகை வந்தது. ஆல்வின் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

நல்லதாக எதைப் பார்த்தாலும் என் கழுத்து உங்கள் பக்கம் திரும்புகிறதே, நான் என்ன செய்ய? வந்துவிடுங்களேன்.

அன்புக்கரசி


திண்டுக்கல்
22 மே 2025

அன்புக்கரசிக்கு,

அப்படிப் போடு! ஆக, முதலில் வாய் திறந்தது நீதான். சாட்சிக்கு ஆல்வின் இருக்கிறான், வெள்ளைக்காரப் படகுக்காரர் இருக்கிறார். எழுத்திலும் கொடுத்துவிட்டாய்.

ஜமால் முகமது டீக்கடையில் சொன்னேன். "அப்ப கேசு முடிஞ்சிச்சு மாமா, நீங்கதான் ஜெயிச்சீக" என்று அவன் கை கொடுத்தான். இருந்தவர்களுக்கெல்லாம் வடை வாங்கிக் கொடுத்தேன். இனி இந்தத் தெருவில் ஒரு பயல் வடையைப் பற்றிப் பேசட்டும், பார்க்கிறேன்.

நீ வந்ததும் நானும் பேசுவேன், வாக்கு மாற மாட்டேன். அதற்கு நான் எதற்கு அங்கே வர வேண்டும்? கோடைக்காலம், கடையில் எரிந்த மோட்டார் குவிந்து கிடக்கிறது. ஜெயித்தவன் வீட்டில் இருப்பான், தோற்றவள்தான் வந்து சேர வேண்டும். சும்மா சொன்னேன், கோபித்துக்கொள்ளாதே.

சூசைராஜ்


பிரான்ஸ்
5 ஜூன் 2025

திரு. சூசைராஜ் அவர்களுக்கு,

ஜெயித்ததற்கு வாழ்த்துகள். எனக்கு அழுகை வந்ததையும் டீக்கடையில் சொன்னீர்களா? அதைக் கேட்டுவிட்டுத்தான் வடை தின்றார்களா?

நீங்கள் ஜெயித்ததாகவே இருக்கட்டும். கூப்பிட்டது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கூப்பிட்டால் "என்ன?" என்று கேட்கப் பக்கத்தில் ஆள் வேண்டாமா? அதற்குப் பேர்தானே பேச்சு? அது எங்கே நடந்தது?

ஜூலை மூன்றாம் தேதி வருகிறேன். வழக்கம்போல் சோறு பொங்குவேன். சுவரிடமும் இனி எதுவும் சொல்வதாக இல்லை. இங்கே வாய்க்கால் ஓரம் முழுக்கப் பூ பூத்துவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. யாரிடம் சொல்வது?

அன்புக்கரசி


படகுத்துறை
24 ஜூன் 2025

என் அன்பு,

இந்தக் கடிதத்தில் தபால்தலை இருக்காது, தேடாதே. ஆல்வின் உன்னைத் துறையில் இருக்கும் பெஞ்சில் உட்காரவைத்துக் கையில் கொடுப்பான். பயலுக்கு எல்லாம் தெரியும். டிக்கெட் போட்டவனே அவன்தான்.

உன் கடிதம் வந்த அன்று அஜீஸுன்னிசா குழம்புக் கிண்ணத்தை வாங்க வந்தது. என் மூஞ்சியைப் பார்த்து என்ன என்று கேட்டது, சொன்னேன். "ஜெயிச்சு என்னத்தண்ணே கண்டீக? அக்கா அங்கிட்டு உங்களத் தேடித் திரும்பிப் பாத்திருக்காக. நீங்க இங்கிட்டு ஊருக்கு வட வாங்கிக் குடுத்திருக்கீக. கூறு இருக்கா உங்களுக்கு?" என்று என்னைக் கிழித்துத் தொங்கப்போட்டுவிட்டது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே கடையை அடைத்து, மோட்டாருக்கு வந்தவர்களிடம் "அடுத்த மாசம் வாங்கப்பா" என்றேன். "எங்கண்ணே போறீக?" என்றார்கள். "எம் பொண்டாட்டிகூடப் பேசப் போறேன்" என்றேன். தெருவே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வழியெல்லாம் முதல் வார்த்தை என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். "நல்லாருக்கியா?" என்பது சம்மந்தி வீட்டில் கேட்பது. "சாப்ட்டியா?" என்றால் சுவரிடமே கேட்டிருக்கலாமே என்பாய். பிளேனில் "மன்னிச்சிரு" என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் தனக்கென்று நினைத்து "நோ ப்ராப்ளம், நோ ப்ராப்ளம்" என்று கை கொடுத்தார். அவரிடமே இவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை உன்னிடம் வருமா என்று பயமாக இருக்கிறது. மூன்று வருஷத்தில் நாக்கு துருப்பிடித்துவிட்டது, அன்பு.

நீ இதைப் படிக்கிற நேரம் உனக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருப்பேன். திரும்பாதே. திரும்பினால் நீ முந்திக்கொள்வாய், உன் வாயைப் பற்றி எனக்குத் தெரியாதா? இத்தனை நாள் பொறுத்தவள் இன்னும் செத்த நேரம் பொறு. கடிதத்தை மடித்துப் பைக்குள் வை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திரு.

நான்தான் முதலில் கூப்பிடுவேன்.

உன்
சூசைராஜ்