சனிக்கிழமைப் பனி

8-3-93, திங்கள். எடிசன், மகன் வீடு.

காலை 7.00. வெப்பம் 4 டிகிரி. அழுத்தம் 1016. மேகமூட்டம், தூறல். விரல் மடங்காத குளிர்.

(அழுத்தம், குமரன் பழைய சாமான் விற்கும் கராஜ் சேலில் வாங்கி ஹாலில் மாட்டிய அளவியில் பார்த்தது. அங்குலத்தை மில்லிபாராக மாற்றி எழுதுகிறேன். முப்பத்து மூன்று வருடம் வானிலை ஆபீசில் இருந்தவனுக்கு மகன் தந்த விளையாட்டுச் சாமான்.)

8.40. திருச்சியிலிருந்து மைத்துனன் சுந்தரம் போன். தனத்துக்குப் பித்தப்பையில் கல், சீழ் வைத்துவிட்டதாம். ஆஸ்பத்திரியில் சேர்த்து இரண்டு நாள். என்னிடம் இன்றுதான் சொல்கிறார்கள். மெட்ராஸ் சர்ஜன் திங்கள்தோறும் மாலை அங்கே வருபவர். இப்போதுதான் பார்த்துவிட்டுப் போனாராம். ஜுரம் இறங்கட்டும், அடுத்த திங்கள் மாலை ஆறு மணிக்கு ஆபரேஷன். அதற்கு மேல் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது.

"அக்கா ஒரே பிடிவாதம், அத்தான். அவரு வந்தாத்தான் உள்ள போவேன், இல்லாட்டி கையெழுத்துப் போட மாட்டேங்குது."

குளிர் எனக்கு ஒத்துக்காது, நீங்க மட்டும் போய்ப் பேத்தியைப் பாத்துட்டு வாங்க என்று அனுப்பியவள்.

மாலை. குமரன் டிக்கெட்டை மாற்றிவிட்டான். சனி இரவு விமானம். திங்கள் நண்பகல் திருச்சி. மருமகள் லதாவின் ஆபீஸ் தோழி ஒருத்தி குழந்தைகளோடு அதே விமானத்தில் போகிறாள். துணை கிடைத்தது.

9-3, செவ்வாய்.

வெப்பம் 5. அழுத்தம் 1018. விட்டு விட்டு வெயில்.

இரவுச் சாப்பாட்டின்போது டிவியில் வட்டார வானிலை. சனிக்கிழமை இங்கே கிழக்குக் கரை முழுவதும் பெரும் பனி என்கிறார்கள். இன்றைக்குச் செவ்வாய்!

குமரன்: "அப்பா, சாட்டர்டே பெரிய ஸ்டார்ம்னு இப்பவே சொல்றான். தர்ஸ்டே ஒரு சீட் இருக்காம். லண்டன்ல மாறணும், பதினோரு மணி நேரம் வெயிட்டிங், துணை யாரும் கிடையாது. சேஞ்ச் பண்ணிடவா? நீங்கதானே எக்ஸ்பர்ட், சொல்லுங்க."

"அஞ்சு நாளுக்கு முன்னாடி யாராலயும் சொல்ல முடியாதுப்பா. தாழ்வு நிலையே இன்னும் உருவாகல. உருவானாலும் கடலுக்குள்ள விலகிப் போயிடலாம்."

"அப்ப சாட்டர்டேவே இருக்கட்டும்."

என் காலத்தில் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் வாய் திறந்ததில்லை. உண்மைதான். ஆனால் அதனால்தான் அப்படிச் சொன்னேனா? வரும்போது பிராங்க்பர்ட்டில் கழிப்பறைக்குக்கூட எழுந்து போகப் பயந்து நான்கு மணி நேரம் ஒரே நாற்காலி. அதுதான் கண்முன் வந்தது. குமரனிடம் அதைச் சொல்லவில்லை.

10-3, புதன்.

வெப்பம் 8. அழுத்தம் 1022. நல்ல வெயில். பக்கத்து வீட்டுக்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கார் கழுவினார். சொன்னது சரிதானோ என்று கொஞ்சம் தெம்பு.

மாலை டிவி பார்க்கும்வரை. மூன்று சேனல். மூன்றிலும் அதே படம், அதே சனிக்கிழமை. நேற்றைவிட உறுதியாக.

வரைபடத்தாளில் என் அளவுகளை நானும் போட்டுப் பார்த்தேன். வைத்திருப்பது ஒரு சுவர் அளவி, ஒரு வெப்பமானி. அவர்களிடம் செயற்கைக்கோள், கம்ப்யூட்டர். எதை வைத்து அவர்களை மறுத்தேன்?

வியாழக்கிழமை சீட்டையே போடச் சொல்ல வேண்டும். குமரன் அறை வாசல்வரை மூன்று முறை போனேன். முதல் முறை போனில் பேசிக்கொண்டிருந்தான். இரண்டாவது முறை கம்ப்யூட்டர். மூன்றாவது முறை சும்மாதான் இருந்தான். "என்னப்பா?" என்றான். "ஒண்ணுமில்ல, லைட் எரியுதேன்னு பாத்தேன்."

11-3, வியாழன்.

வெப்பம் 3. அழுத்தம் 1020. அளவு எடுப்பதற்கு முன்பே, காபி கொண்டுவந்த குமரனிடம் சொல்லிவிட்டேன். உடனே ஏஜென்டுக்குப் போன் செய்தான். சீட் நேற்று மாலை போய்விட்டதாம். இன்று, நாளை, எதிலும் இல்லை.

"நேத்து நைட் சொல்லிருக்கலாமேப்பா." கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பெட்டி: வேட்டி 4, ஸ்வெட்டர் (திரும்பக் கொடுத்துவிட வேண்டும்), தனத்துக்கு முழங்கால் தைலம், பேத்தி போட்டோ 12, பாஸ்போர்ட் மேல்பையில். இரண்டு முறை அடுக்கினேன்.

சுந்தரத்திடம் விசாரித்தேன். ஜுரம் இறங்கியிருக்கிறது. அவள் கேட்பது ஒன்றுதானாம், "கிளம்பிட்டாரா?"

12-3, வெள்ளி.

வெப்பம் 1. அழுத்தம் காலை 1015, மாலை 1008. பிற்பகலில் மெல்லிய உயர் மேகம், சூரியனைச் சுற்றி வளையம். இதற்கு டிவி வேண்டாம்.

தாழ்வு நிலை மெக்சிகோ வளைகுடாவில் உருவாகிவிட்டது. செவ்வாயன்று அவர்கள் குறித்த அதே இடம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து பார்த்தேன். இவ்வளவு அழகான வேலையை யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

லதா கடையிலிருந்து: "பிரெட் கிடையாது மாமா. கடைசிப் பால் கேனுக்கு ஒரு பாட்டியம்மாவோட மல்லுக்கட்டினேன்."

"யாரு ஜெயிச்சது?"

"அவங்கதான். உங்களுக்கு நாளைக்குப் பவுடர் பால் காபி."

13-3, சனி.

விடியும்போதே பனி. கார் தெரியவில்லை.

காலை 8.00: வெப்பம் -3. அழுத்தம் 996.
12.00: 984. பனியோடு ஐஸ் துகள்கள். ஜன்னலில் மணல் வாரி இறைப்பதுபோல் சத்தம்.
4.00: 968. புயல் கரை கடந்த நாட்களில்கூட இவ்வளவு கீழே என் கையால் எழுதியதில்லை. அளவியைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

விமான நிலையத்தையே மூடிவிட்டார்கள். அடுத்த சீட் புதன்கிழமை.

லதாவின் தோழி போனில், ஸ்பீக்கரில்: "அங்கிள், நல்ல வேளை, வீட்டுலயே மாட்டினோம். ஏர்போர்ட்ல மாட்டியிருந்தா என் வாலுங்களை யார் மேய்க்கிறது?" சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

லண்டன் விமானத்தில் போயிருந்தால் இந்நேரம் திருச்சி. அவள் கட்டிலருகே. அறுபத்தெட்டு வயதில் ஒரு கழிப்பறைப் பயம்.

14-3, ஞாயிறு.

வெப்பம் -9. அழுத்தம் 992, ஏறுகிறது. கடுங்காற்று.

7.30. அங்கே மாலை ஆறு. ஆஸ்பத்திரி நர்சுகள் மேசைக்குப் போன் போட்டுக் கொடுத்தான் குமரன். தனத்தைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்தார்களாம்.

"எங்க இருக்கீங்க, பம்பாயா?"

"இல்ல தனம். இங்கதான். பனி. பிளேன் இல்ல. புதன்கிழமைதான் கிளம்ப முடியும்."



"அப்ப அதுக்கடுத்த திங்கக்கிழமை வெச்சுக்கச் சொல்றேன்."

"வேணாம். நாளைக்கே பண்ணிக்க."

"நீங்க இல்லாமயா?"

"நான் இல்லாமத்தான்."

"நல்லபடியா ஆகும்னு சொல்றீங்களா? மழை வருமான்னு கேட்டாக்கூட நேரா ஒரு பதில் வராது உங்ககிட்டருந்து. குடை எடுத்துக்கிட்டா நல்லதும்பீங்க."

"ஆகும். ஒண்ணும் வராது. நீ எழுந்து உக்காந்திருப்ப, நான் வருவேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்ப சரி." சுந்தரத்திடம் பேனா கேட்டது காதில் விழுந்தது.

எந்த அடிப்படையில் சொன்னேன்? சர்க்கரை நோயாளி, அறுபத்து மூன்று வயது. ஒரு தகவலும் கையில் இல்லை. வேலையில் இருந்தபோது யாராவது இப்படி ஒரு வரி எழுதியிருந்தால் நானே கோடு போட்டு அடித்திருப்பேன்.

15-3, திங்கள்.

வெப்பம் -10. அழுத்தம் 1021. ஒரு மேகம் இல்லை. பனிமேல் வெயில், கண் கூசுகிறது.

7.30. உள்ளே கொண்டுபோயிருப்பார்கள். குமரன் ஆபீஸ் போகவில்லை.

8.00: 1021. போன் இல்லை.
8.30: 1022. போன் இல்லை.
9.00: 1022. போன் இல்லை. ஒரு மணி நேரம்தான் ஆகும் என்றிருந்தார்கள்.

லைன் இருக்கிறதா என்று ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தேன்.

"வைங்கப்பா. அந்த நேரம் பாத்து வந்துடப் போகுது."

வைத்துவிட்டேன்.

9.30: போன் இல்லை. அளவி பார்க்கவில்லை.