சந்தனம் வைத்த ஜாயிண்ட்

5.10.94, புதன்

ஜீப்புக்கு அடியில் மறுபடியும் கறுப்புச் சொட்டுகள். குனிந்து பார்த்தேன். முன்பக்கம் இடது சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்டின் முனையில், ஜாயிண்டை மூடி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். ஆக்ஸில் பூட் என்பார்கள். அது வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. உள்ளே இருக்க வேண்டிய கிரீஸ் முழுக்கச் சக்கரத்தில் அப்பிக் கிடக்கிறது. சீ! மூன்று தரம் சோப்புப் போட்டும் கையில் வாடை போகவில்லை.

அபார்ட்மெண்ட் காரியதரிசி ஸ்ரீரங்கன் கதவிடுக்கில் சீட்டுச் செருகியிருக்கிறார்: 'கோலம் போடும் இடத்தில் எண்ணெய்க் கறை. நவராத்திரி சமயத்தில் இது அழகா?' அழகில்லைதான். நானா துப்பினேன்?

பதினைந்தாம் தேதி காலை கொடைக்கானலுக்கு மேலே காட்டு இலாகா கேட்டில் நான் நிற்க வேண்டும். குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தரம். எண்பத்திரண்டில் பூத்தபோது மஹதி வயிற்றில். "பிள்ளைத்தாச்சி மலையேறுவாளா?" என்றாள் மாமியார். வீடே ஆமாம் போட்டது. அடுத்தது 2006. அப்போது எனக்கு ஐம்பது. பாட்டனி லெக்சரர் என்று பெயர், குறிஞ்சியைப் படத்தில் காட்டியே ரிட்டையர் ஆவேனா? அனுமதி நான்கே நாள். கேட்டுக்கு அப்பால் பதினான்கு கிலோமீட்டர் சேறு. நாலு சக்கரமும் இழுக்காத வண்டி ஏறாது.

7.10.94, வெள்ளி

தேனாம்பேட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப். வண்டி என் பெயரில், சாவி என் கையில். மெக்கானிக் பேசுவதோ என் கணவரிடம். "ஷாஃப்டே போய்டுச்சு சார். மொத்தமா மாத்தணும். ஃபாரின் சாமான், ஒரு மாசம் ஆவும்." நிரஞ்சனுக்கு பானெட்டைத் திறக்கக்கூடத் தெரியாது. பெரிய மனுஷன் மாதிரித் தலையை ஆட்டுகிறார்.

"ரப்பர்தானேப்பா கிழிஞ்சிருக்கு? ஜாயிண்ட்ல சத்தமே இல்லையே" என்றேன்.

"மேடம், நீங்க ஃபேன் கீழ குந்துங்க. ஜூஸ் சொல்றேன்."

தூ! ஜூஸும் வேண்டாம், நீயும் வேண்டாம். சாவியை ஆட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். மேனுவல் இருக்கிறது, கை இருக்கிறது, நானே மாற்றுகிறேன். "நோக்கென்ன பைத்தியமா?" என்று லஸ் வரைக்கும் கேட்டுக்கொண்டே வந்தார் இவர்.

9.10.94, ஞாயிறு

புதுப்பேட்டை, வண்டிச் சாமான் கடைகள். ஏழாவது கடையில் ஷாகிரா என்று ஒரு அம்மா. நான் கத்தியால் அறுத்தெடுத்துப் போயிருந்த பழைய ரப்பர் உறையை வாங்கிப் பார்த்தாள், கிழிசலுக்குள் விரலை விட்டாள், உள்ளே போய் அதே அளவில் புதுசு ஒன்றை எடுத்து வந்தாள். என்னைப் பார்த்தே பேசினாள். ஒரு வாரத்தில் இவள் ஒருத்திதான்.

"நீயே மாட்டறியா? சபாஷ். பழைய கிரீஸ் ஒரு பொட்டு இருக்கக் கூடாதும்மா. மணலோ தூளோ ஒண்ணு உள்ள போச்சுன்னா ஜாயிண்டு அரைச்சுரும்."

11.10.94, செவ்வாய்

கழற்றியாயிற்று! நட்டு அசையவே இல்லை. ஸ்பானரில் இரும்புக் குழாயைச் செருகி, மேலே ஏறி நின்று குதித்தேன். கொலுவுக்கு வந்த மாமிகள் சுண்டல் பொட்டலத்தோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொண்டாள். பொத்தட்டும்.

அந்தக் கிரீஸ், கர்மம்! மண்ணும் சேர்ந்து அழுகின சேறு. ஜாயிண்டை மண்ணெண்ணெயில் நான்கு தரம் அலசினேன். உள்ளே ஆறு இரும்புக் குண்டுகள், ஒரு கீறல் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு மாசமாம், புளுகன்!

எல்லாவற்றையும் பால்கனியில் பேப்பர் மேல் வைத்து மூடினேன். நாளைக்கு காலேஜில் பரீட்சை டியூட்டி. வியாழன் லீவு, அன்றைக்கு மாட்டிவிடலாம்.

12.10.94

ஸ்ரீரங்கனிடமிருந்து இரண்டாவது சீட்டு. படிக்காமலே கிழித்தேன்.

13.10.94, வியாழன்

வியாழன் ஏன் லீவு என்று யோசித்தேனா? ஆயுத பூஜை! ஹாலில் ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் மஹதியின் புஸ்தகங்களோடு பட்டுத் துணிமேல். நடுவில், தாம்பாளத்தில், என் ஜாயிண்ட். ஒவ்வொரு குண்டிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். தூள்! தூள் உதிர்ந்து குழிக்குள்ளெல்லாம் இறங்கியிருக்கிறது. கத்திவிட்டேன்.

"என்னம்மா பண்ணி வெச்சிருக்கேள்?"

மாமியாருக்குப் புரியவே இல்லை. "ஒரு வாரமா அதோடயே மாரடிக்கறியே, முக்கியமான சாமான்னு பெரிசா வெச்சேன். இன்னிக்குத் தொடப்படாது. நாளைக்குப் புனர்பூஜை ஆனப்புறம் எடுத்துக்கோ."

பதினைந்து வருஷத்தில் என் பூதக்கண்ணாடிக்கு ஒரு பொட்டு வைத்தாளா என் மாமியார் கோமளம்? முதல் பொட்டே இப்படியா வைக்க வேண்டும்? நாளை சாயங்காலம் கிளம்ப வேண்டும். நிரஞ்சன், "ரயில்ல போயேன்" என்கிறார். ரயில் சேற்றில் ஏறுமா? இந்த வீடே வெறுத்துவிட்டது.

14.10.94, வெள்ளி

புனர்பூஜைக்கு நான் போகவில்லை. மணிச் சத்தம் நின்றதும் போய், யார் முகத்தையும் பார்க்காமல், இரும்புச் சாமான்களைத் தாம்பாளத்தோடு அள்ளிக்கொண்டு கீழே இறங்கினேன். மறுபடியும் மண்ணெண்ணெய். சந்தனம் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. ஊசியால் நோண்டினேன். ஒரு வழியாகப் புது கிரீஸ் அடைத்து, ஜாயிண்டை ஷாஃப்டில் வைத்துத் தட்டினேன். டக்கென்று உட்கார்ந்தது. எவ்வளவு பெருமை எனக்கு!

அப்புறம்தான் மாடிப்படியில் மாமியார். கையில் புது பூட், அதிலும் குங்குமம். "இதை விட்டுட்டுப் போயிட்டியே. புஸ்தகத்துக்கு அடியில இருந்துது."

ரப்பரை முதலில் ஷாஃப்டில் ஏற்றிவிட்டுத்தான் ஜாயிண்டை அடிக்க வேண்டும். மேனுவலில் நானே கோடு போட்டு வைத்திருக்கிறேன். பூஜைப் பக்கம் ஒரு தரம் ஒழுங்காகத் திரும்பிப் பார்த்திருந்தால்! என்மேலேயே எனக்கு அருவருப்பாக வந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னடி?"

"திரும்பக் கழட்டணும்மா. தப்பு என்னுது. தனியா முடியாது."

மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். "கர்மம், என்ன நாத்தம்டி இது" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே ஷாஃப்டைக் கட்டிப் பிடித்தாள். நான் அடித்தேன். பதினோராவது அடியில் கழன்றது. பட்டுப்புடவை முழுக்கக் கறுப்பு. ஸ்ரீரங்கன் இறங்கி வந்து வாயைத் திறந்தார். "கறையை நான் தேய்ச்சுக்கறேன். நீர் மேலே போம்" என்றாள்.

நாலரைக்குச் சக்கரத்தை மாட்டினேன். மாட வீதியில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பிப் பார்த்தேன். சத்தமே இல்லை.

மண்ணெண்ணெயில் கை கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் மாமியார் சொன்னாள்: "அன்னிக்கு நான்தானே போகாதேன்னேன். போய்ட்டு வா."

17.10.94, திங்கள், கொடைக்கானல்

மூன்று நாளும் மழை. லாட்ஜ் கம்பளியில் ஈர நாய் வாடை, காலில் பதினாறு அட்டைக்கடி. மேற்குச் சரிவில் பூ எல்லாம் பழுப்பாகிக் கொட்டிவிட்டது. பார்த்ததும் அழுகை வந்தது. தெற்குச் சரிவுக்குச் சேற்றில் இன்னும் ஐந்து கிலோமீட்டர். வண்டி ஏறியது. அங்கே மலை முழுக்க நீலம். பார்த்துவிட்டேன்.

ராத்திரி கிளைகளைப் பேப்பரில் அழுத்தி வைத்து லேபிள் எழுதினேன். 'சேகரித்தவர்' என்ற இடத்தில், நான் சேகரித்ததற்கெல்லாம் எங்கள் புரொபசர் தன் பெயரைப் போட்டுக்கொள்வார். உதவிக்கு ஒரு பிடி பிடித்தவன்கூட இல்லை அந்த ஆள்.

முதல் லேபிளில் 'ஸ்ரீரஞ்சனி' என்று என் பெயரை எழுதினேன். பக்கத்தில் இடம் இருந்தது. 'கோமளம்' என்றும் எழுதினேன்.